காஸ், கறண்ட் விலை ஒப்பிடும் தளங்கள்: பட்டியலுக்கு நல்லது, கணக்குக்கு அல்ல

பிரித்தானியாவில் வீட்டுக் காஸையும் கறண்டையும் எந்தக் கொம்பனியிடம் வாங்குவது என்பது நம் விருப்பம். கம்பியும் குழாயும் அதேதான். பில் அனுப்புகிறவரும் விலையும்தான் மாறும். அந்த விலைகளைத் தேடித் தருவதற்கென்றே யூஸ்விச், மனிசூப்பர்மார்க்கெற் போன்ற ஒப்பீட்டுத் தளங்கள் இருக்கின்றன. தபால் குறியீட்டைக் கொடுத்து நாலு கேள்விக்குப் பதில் சொன்னால் பட்டியல் வந்துவிடும். பக்கத்தின் உச்சியில் "வருடத்துக்கு இவ்வளவு மிச்சம்" என்று பெரிய எழுத்தில் ஒரு தொகை நிற்கும். இந்தச் சேவையில் நம்பக்கூடாத ஒன்று அந்தத் தொகை.

தளத்தைத் திறக்குமுன் 'பிரைஸ் கப்' என்ற உச்சவரம்பை விளங்கிக்கொள்ளவேண்டும். எரிசக்திச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான ஒஃப்ஜெம் அதை 2019 ஜனவரியில் கொண்டுவந்தது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறது. 2026 ஜனவரி முதல் மார்ச் வரைக்கும் அது வருடக் கணக்கில் 1,758 பவுண்ஸாக இருந்தது. "எவ்வளவு எரித்தாலும் அதற்குமேல் பில் வராது" என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். வரம்பு பில்லுக்கு இல்லை, யூனிற் விலைக்கும் நாளாந்த ஸ்ராண்டிங் சார்ஜுக்கும்தான். வருடம் 2,700 யூனிற் கறண்டும் 11,500 யூனிற் காஸும் பாவிக்கிற ஒரு வீட்டுக்குப் போட்ட கணக்கே 1,758. யூனிற் என்றால் ஒரு கிலோவாற் மணி. வங்கியிலிருந்து தானாகக் கழியும் டைரக்ட் டெபிற்றில் கட்டுகிறவருக்கு அந்த மூன்று மாதச் சராசரி விலை இது: கறண்ட் யூனிற் 27.69 பென்ஸ், நாளுக்கு 54.75 பென்ஸ், காஸ் யூனிற் 5.93 பென்ஸ், நாளுக்கு 35.09 பென்ஸ். ஒப்பீடு முழுவதும் இப்படிப்பட்ட நாலு எண்களுக்குள் அடங்கிவிடும். உங்கள் பில்லில் 'உங்கள் ராரிஃப்' (விலைத் திட்டம்) என்ற பகுதியில் உங்களுடைய நாலும் இருக்கும். அவற்றை ஒரு துண்டில் எழுதிக்கொண்டு தளத்துக்குப் போங்கள்.

ஸ்ராண்டிங் சார்ஜை ஆட்கள் கவனிப்பதில்லை. மேலே சொன்ன விலையில் இரண்டுக்கும் சேர்த்து வருடம் 328 பவுண்ஸ். ஒரு அடுப்பும் பற்றவைக்காமல், ஒரு லைற்றும் போடாமல் கட்டுகிற காசு அது. சின்ன ஃபிளாற்றில் 1,800 யூனிற் கறண்டும் 7,500 யூனிற் காஸும் பாவித்தால் மொத்தம் 1,271 பவுண்ஸ் வரும். அதில் கால்வாசி இந்த நாட்கட்டணம். பெரிய குடும்பம் 4,100 கறண்டும் 17,000 காஸும் பாவித்தால் 2,471 வரும். அங்கே நாட்கட்டணம் ஏழில் ஒரு பங்குகூட இல்லை. அதனால்தான் ஒரு வீட்டுக்கு மலிவான திட்டம் பக்கத்து வீட்டுக்கு விலை கூடியதாகிவிடுகிறது.

ஒரு மாதிரிக் கணக்குப் பார்ப்போம். முதலாவது திட்டத்தில் கறண்ட் 25 பென்ஸ், காஸ் 5.6 பென்ஸ், இரண்டு நாட்கட்டணமும் சேர்த்து 98 பென்ஸ். இரண்டாவதில் கறண்ட் 27, காஸ் 6, நாட்கட்டணம் 70. யூனிற் விலையை மட்டும் பார்த்தால் முதலாவதையே எடுக்கத் தோன்றும். சின்ன ஃபிளாற்றுக்கு முதலாவது 1,227.70 பவுண்ஸ், இரண்டாவது 1,191.50, இரண்டாவதில் 36 பவுண்ஸ் மிச்சம். பெரிய குடும்பத்துக்கு முதலாவது 2,334.70, இரண்டாவது 2,382.50, அங்கே முதலாவதில் 48 பவுண்ஸ் மிச்சம். சொந்தக்காரர் நல்ல திட்டம் என்று வட்ஸ்அப்பில் அனுப்பியதை அப்படியே எடுத்தால் இதுதான் நடக்கும். அவர் வேறு ஊரில் இருந்தால் இன்னும் மோசம். நாட்கட்டணம் பிரதேசத்துக்குப் பிரதேசம் மாறும். லண்டனில் குறைவு, வட வேல்ஸ், மேர்சிசைட் பக்கம் அதிகம்.

இனித் தளத்தில் நிரப்புவது. பாவனையைக் கேட்கும்போது மூன்று வழி தருவார்கள்: வீட்டில் எத்தனை அறை, மாதம் எத்தனை பவுண்ஸ், வருடம் எத்தனை யூனிற். அறைக் கணக்கு வெறும் ஊகம். இரண்டு அறை வீட்டில் இரண்டு பேரும் இருக்கலாம், அம்மப்பா அம்மம்மாவோடு ஆறு பேரும் இருக்கலாம். மாதத் தொகை அதைவிட ஆபத்து. டைரக்ட் டெபிற் 160 என்றால் அதில் போன குளிர்கால நிலுவையும் இருக்கலாம், குளிருக்கென்று முன்கூட்டியே சேர்க்கிற காசும் இருக்கலாம். தளம் அதையெல்லாம் பாவனை என்று எடுத்துக்கொள்ளும். யூனிற்றைத்தான் கொடுக்கவேண்டும். கொம்பனி வருடத்துக்கு ஒருமுறை அனுப்பும் அறிக்கையில் பன்னிரண்டு மாத யூனிற் தனித்தனியே இருக்கும். வாசிப்புக்குப் பக்கத்தில் 'எஸ்ரிமேற்றட்' என்று இருந்தால் அது மீற்றரைப் பார்க்காமல் போட்ட மதிப்பு. முதலில் மீற்றரைப் படம் எடுத்து உண்மையான வாசிப்பைக் கொடுத்துவிட்டு, திருத்திய பில் வந்த பிறகு ஒப்பிடுங்கள்.

காஸில் இன்னொரு பொறி இருக்கிறது. மீற்றர் காட்டுவது கன அளவு, பில் வருவது யூனிற்றுக்கு. கனமீற்றர் அளவை 1.02264ஆல் பெருக்கி, காஸின் வெப்பப் பெறுமானத்தால் பெருக்கி, 3.6ஆல் பிரிக்கவேண்டும். வெப்பப் பெறுமானம் பில்லில் இருக்கும், அநேகமாக 39க்கும் 40க்கும் இடையில். ஏறத்தாழ ஒரு கனமீற்றருக்கு 11.2 யூனிற். பழைய மீற்றர் கன அடியில் காட்டும், வாசிப்பை 2.83ஆல் பெருக்கினால்தான் கனமீற்றர் வரும். புது மீற்றர் மாட்டிய பிறகும் கொம்பனியின் பதிவில் 'கன அடி' என்றே கிடந்தால் காஸ் பில் கிட்டத்தட்ட மூன்று மடங்காகும். அப்போது எந்தக் கொம்பனிக்கு மாறியும் பயன் இல்லை, பிழை பதிவோடு சேர்ந்து வந்துவிடும். மீற்றர் முகப்பைப் பாருங்கள். கனமீற்றர் என்றால் புள்ளிக்கு முன் ஐந்து இலக்கம், கன அடி என்றால் பெரும்பாலும் நாலு.

பட்டியல் வந்ததும் முதலில் தேடவேண்டியது எவற்றைக் காட்டுவது என்று தெரிவுசெய்யும் 'ஃபில்ரர்' என்ற வடிகட்டியை. இந்தத் தளங்களுக்கு வருமானம் கொம்பனிகள் கொடுக்கும் கமிஷன். பல தளங்கள் தங்கள் ஊடாக மாறக்கூடிய திட்டங்களை மட்டும் முன்னால் காட்டும். சந்தையில் உள்ள எல்லாவற்றையும் காட்டு என்று நீங்கள்தான் தட்டவேண்டும். கொம்பனியின் சொந்தத் தளத்தில் மட்டும் கிடைக்கிற திட்டங்கள் அப்போதுதான் தெரியும். ஒப்பீட்டுத் தளங்களுக்கான ஒஃப்ஜெம் நம்பகக் கோவையின் கீழ் அங்கீகாரம் பெற்ற தளமா என்று பார்த்துக்கொள்வதும் நல்லது. சிற்றிசன்ஸ் அட்வைஸ் ஒரு தர்ம ஸ்தாபனம் என்பதால் அவர்களுடைய ஒப்பீட்டில் விற்கும் அவசரம் இல்லை. கமிஷன் தளம் ஒன்றையும் அதையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துப் பார்ப்பது பத்து நிமிட வேலை.

உச்சியில் நிற்கும் அந்த 'மிச்சம்' எப்படி ஊதிப் பெருக்கிறது? குறித்த காலத்துக்கு விலை மாறாத உங்கள் பிக்ஸ்ட் ஒப்பந்தம் இரண்டு மாதத்தில் முடிகிறது என்று வையுங்கள். 'இப்போது நீங்கள் கட்டுவது' என்று சில தளங்கள் காட்டும் தொகையில் இரண்டு மாதம் பழைய விலையும் பத்து மாதம் உச்சவரம்போடு ஏறி இறங்கும் கொம்பனியின் வழமையான வேரியபிள் விலையும் கலந்திருக்கும். ஒப்பந்தம் முடிந்தபின் நீங்கள் ஒன்றும் செய்யாமல் தூங்கிவிடுவீர்கள் என்ற அனுமானம் அது. அந்தத் தொகையோடு ஒப்பிட்டால் எந்தத் திட்டமும் மலிவாகத் தெரியும். தளம் தந்த நாலு எண்களை மட்டும் எடுத்து உங்கள் யூனிற்றோடு நீங்களே பெருக்கிப் பாருங்கள். கைப்பேசிக் கல்குலேற்றர் போதும்.

பிக்ஸ்ட் எடுப்பதா, வேரியபிளில் இருப்பதா என்பது அடுத்த கேள்வி. உச்சவரம்பு பெப்ரவரி, மே, ஓகஸ்ட், நவம்பர் மாதக் கடைசியில் அறிவிக்கப்படும். அறிவிப்புக்கு ஒரு கிழமை இருக்கும்போது அவசரப்பட்டு ஒரு வருடத்துக்குக் கையெழுத்துப் போடத் தேவையில்லை. பிக்ஸ்ட் என்றால் பூட்டப்படுவது விலை, மாதத் தொகை அல்ல. கூடப் பாவித்தால் கூடக் கட்டவேண்டும். இடையில் வெளியேறினால் பெரும்பாலும் அபராதம் வரும், அதுவும் காஸுக்கு வேறு, கறண்டுக்கு வேறு. ஒன்றுக்கு 50 என்று சின்ன எழுத்தில் இருந்தால் இரண்டுக்கும் 100. ஒப்பந்தம் முடியக் கடைசி 49 நாளில் மாறினால் அபராதம் இல்லை, அந்தத் திகதியைக் கலண்டரில் குறித்து வையுங்கள்.

நேரத்துக்கு நேரம் விலை மாறும் திட்டங்களில் ஒப்பீட்டுத் தளங்கள் அநேகமாகக் கைவிட்டுவிடும். ஒக்ரோபஸ் கொம்பனியின் எஜைல் திட்டத்தில் அரைமணிக்கொரு விலை. மறுநாளைய விலை முதல்நாள் பின்னேரம் நாலு மணியளவில் வரும். பின்னேரம் 4 முதல் 7 வரைக்கும்தான் உச்சம். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்து, புட்டு அவித்து, கறி வைத்து, உடுப்பு மெஷினும் போடுகிற நேரம் அதுவே. மின் அடுப்பு வீட்டில் இது கையைக் கடிக்கும். இரவில் கார் சார்ஜ் பண்ணுகிறவருக்கு இரவு விலைத் திட்டங்கள் பெரும்பாலும் லாபம். இரவில் ஏழு மணிநேரம் மலிவாகத் தரும் எக்கனமி 7 என்ற பழைய திட்டத்துக்குக் கணக்கு எளிது. பகல் 33 பென்ஸ், இரவு 15 பென்ஸ் என்றால், 27.69 பென்ஸ் ஒரே விலைத் திட்டத்தை வெல்ல மொத்தப் பாவனையில் 30 வீதமாவது இரவில் இருக்கவேண்டும். இரவில் சூடேறும் ஸ்ரோறேஜ் ஹீற்றர் இல்லாத வீட்டில் அந்த 30 வருவது கஷ்டம். பழைய மீற்றர்கள் பலவற்றில் மணிக்கூடு கோடையில் மாறுவதில்லை, மலிவு நேரம் ஒரு மணி பிந்தித் தொடங்கும். குளிர்காலத்தில் இரவு பன்னிரண்டரைக்கு மலிவு தொடங்கும் மீற்றர் என்றால், கோடையில் அதே பன்னிரண்டரைக்கு உடுப்பு மெஷின் போட்டால் பகல் விலைதான் ஓடும்.

எந்தத் தளமும் சொல்லித்தராத மிச்சம் ஒன்று உண்டு. ஹீற்றிங் முழுக்கக் கறண்டில், காஸ் குசினி அடுப்புக்கு மட்டும் என்று இருக்கிற ஃபிளாற்றுகள். மேலே சொன்ன விலையில் வருடம் 300 யூனிற் காஸ் எரித்தால் காஸின் விலை 18 பவுண்ஸ்; அதைக் கொண்டுவந்து தர நாட்கட்டணம் 128 பவுண்ஸ். காஸ் அடுப்பில் சூட்டின் பெரும்பங்கு சட்டியின் பக்கத்தால் போய்விடும். இண்டக்‌ஷனில் அதே சமையலுக்கு 150 யூனிற் என்று வைத்தாலும் 42 பவுண்ஸ்தான். மீற்றரைக் கழற்றி இணைப்பை முடித்தால் வருடம் நூறு பவுண்ஸுக்கு மேல் மிஞ்சும். கழற்றுகிற செலவை முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள், மண் சட்டியில் சமைக்கிறவர்கள் அது அந்த அடுப்பில் சூடேறாது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

மாறுகிற வேலை இப்போது ஐந்து வேலைநாளில் முடியும், பதினாலு நாளுக்குள் மனம் மாறலாம். வாடகை வீடு என்றாலும் பில் உங்கள் பெயரில் வந்தால் மாறும் உரிமை உங்களுடையது. பிழை போவது பெரும்பாலும் பிரித்துக் கட்டிய வீடுகளில். 'ஃபிளாற் ஏ' என்று நீங்கள் சொல்வது பதிவில் 'கீழ்மாடி' என்று இருக்கும். மேல்வீட்டுக்காரரின் இணைப்பு மாறிவிடும். விலாசத்தை நம்பாமல் மீற்றரில் உள்ள தொடர் இலக்கத்தையும் பில்லில் உள்ளதையும் ஒத்துப் பாருங்கள். எது உங்கள் மீற்றர் என்றே சந்தேகம் இருந்தால் கேத்தலைப் போடுங்கள். யூனிற்றுக்கு 1,000 தடவை மின்னும் மீற்றர் என்றால் 3 கிலோவாற் கேத்தலுக்குச் சிவப்பு விளக்கு நிமிடத்துக்கு 50 தடவையாவது மின்னும், நிறுத்தினால் மெதுவாகும். பெட்டிக்குள் நாலு மீற்றர் வரிசையாக இருந்தாலும் உங்களுடையது காட்டிக்கொடுத்துவிடும்.

மாறுகிற அன்று இரண்டு மீற்றரையும் படம் எடுத்து, இரண்டு கொம்பனிக்கும் ஒரே வாசிப்பைக் கொடுங்கள். பழைய டைரக்ட் டெபிற்றைக் கடைசிப் பில் வரும்வரை நிறுத்தாதீர்கள். அது ஆறு கிழமைக்குள் வரவேண்டும், கூடக் கட்டிய காசு அதிலிருந்து பத்து வேலைநாளில் திரும்பவேண்டும். வோர்ம் ஹோம் டிஸ்கவுண்ட் என்ற 150 பவுண்ஸ் கழிவு பெறுகிறவர்கள் புதுக் கொம்பனியும் அத்திட்டத்தில் இருக்கிறதா என்று முதலே கேட்கவேண்டும். நூறைப் பிடிக்கப் போய் நூற்றைம்பதை விடக்கூடாது.

கடை வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு சொல். மேலே எழுதியது எல்லாம் வீட்டு மீற்றருக்கு மட்டும். கடை மீற்றருக்கு உச்சவரம்பும் இல்லை, பதினாலு நாள் அவகாசமும் இல்லை. ரெலிஃபோனில் "ஓம்" என்று சொன்னாலே ஒப்பந்தம். புரோக்கரின் கமிஷன் யூனிற் விலைக்குள் ஒளிந்திருக்கும், எத்தனை பென்ஸ் என்று நேரே கேளுங்கள். கடையும் மேல்வீடும் ஒரே மீற்றரில் ஓடுகிறது என்றால், அது எந்த மீற்றராகப் பதியப்பட்டிருக்கிறது என்று பில்லைப் பார்த்துவிட்டுத்தான் வீட்டு ஒப்பீட்டுத் தளங்களின் பக்கம் போகவேண்டும்.