மேப், காம்பஸ் கத்துக்க எது சரி: போனா, யூடியூபா, வாக்கிங் குரூப்பா?

நம்ம தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பசங்க லீவு விட்டா தடா, நாகலாபுரம்னு ஆந்திரா பக்க மலைக்கு கிளம்பிடறாங்க, உள்ள வழி தப்பினா என்ன பண்ணுவீங்கன்னு கேட்டா எல்லாரும் போனைத்தான் எடுத்து காட்றாங்க.

போனை நான் குறைச்சு சொல்ல மாட்டேன். டவர் இல்லாட்டியும் ஜிபிஎஸ் வேலை செய்யும், மேப்பை வீட்லயே டவுன்லோட் பண்ணி வச்சிருந்தா போதும், இது பல பேருக்கு தெரியறதில்ல. எண்ணூர் கழிமுகம் பக்கம் பழைய மேப்ல சதுப்புன்னு இருக்கற இடம் இப்ப மேடா இருக்கும், அதை சேட்டிலைட் படம்தான் சரியா காட்டும். ஆனா உச்சி வெயில்ல ஸ்கிரீனே தெரியாது, பேட்டரி வேற இறங்கும். அதைவிட முக்கியம், நீங்க நிக்கற இடத்தை அந்த நீலப் புள்ளியே சொல்லிடறதால சுத்தி என்ன இருக்குன்னு நிமிர்ந்து பாக்கற பழக்கமே வராது.

யூடியூப் அடிப்படைக்கு ஓகே. காம்பஸ் ஓரத்தை நிக்கற இடத்துக்கும் போற இடத்துக்கும் சேத்து மேப்ல வைங்க, டயலை திருப்பி உள்ள இருக்கற கோட்டை மேப்போட வடக்குக்கு நேராக்குங்க, அப்புறம் சிவப்பு முள்ளு டயலுக்குள்ள இருக்கற அம்புக்குறிக்குள்ள வர்ற வரைக்கும் நீங்களே திரும்புங்க, இப்ப நேரா முன்னாடி இருக்கறதுதான் போற திசை, அவ்ளோதான். வெளிநாட்டு வீடியோல முள்ளு காட்டற காந்த வடக்கு, மேப்ல இருக்கற நிஜ வடக்கு, இந்த ரெண்டோட வித்தியாசத்தைப் பத்தி ரொம்ப நேரம் பேசுவாங்க, சென்னைல அது ரெண்டு டிகிரி அளவுதான், 1 கிலோமீட்டர் நடந்தா சுமார் 35 மீட்டர் தள்ளிப் போவீங்க, ஆரம்பத்துல விட்டுடலாம். ஆனா கண்டெய்னர் லாரி பக்கத்துலயோ தண்டவாளத்து மேலயோ நின்னு காம்பஸ் பாத்தா முள்ளு இழுக்கும், அப்ப தப்புன்னு சொல்ல பக்கத்துல ஆள் வேணும்.

அதனாலதான் என் ஓட்டு குரூப்புக்கு. நல்ல குரூப்ல மேப் கை மாறிக்கிட்டே இருக்கும், "தம்பி, இப்ப எங்க நிக்கறோம், காட்டு"ன்னு அண்ணன் ஒருத்தர் கேப்பாரு, நீங்க காம்பஸ்ல அனல்மின் நிலைய புகைபோக்கிக்கு ஒரு கோணம், பிரிட்ஜுக்கு ஒரு கோணம் எடுத்து, மேப்ல அந்த ரெண்டு இடத்துலருந்தும் பின்னோக்கி கோடு போட்டு, ரெண்டும் வெட்டற இடத்துல விரல் வைக்கணும். 100 மீட்டருக்கு தார் ரோட்ல எத்தனை காலடி, எண்ணூர் மணல்ல எத்தனை காலடின்னு எண்ணிப் பாத்து வச்சுக்கணும், ரெண்டும் ஒண்ணா வராது. பிரிட்ஜுக்கு நேரா குறி வைக்காம வேணும்னே கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி நடந்தா, தண்ணி வந்ததும் வலப்பக்கம் திரும்பணும்னு சந்தேகமில்லாம தெரியும், இந்த வித்தையெல்லாம் கூட நடக்கறவங்ககிட்டதான் ஒட்டும். என்சிசில இருந்த பசங்க இருந்தா இன்னும் நல்லது, அங்க மேப் ரீடிங் ஒரு பாடமாவே உண்டு.

குரூப்லயும் ஒரு குறை இருக்கு, நம்ம ஏரியா தட்டை. சர்வே ஆஃப் இந்தியாவோட 1:50,000 மேப்ல உயரக் கோடு, அதாவது ஒரே உயரத்துல இருக்கற இடங்களை சேக்கற கோடு, பொதுவா 20 மீட்டர் உயரத்துக்கு ஒண்ணுதான், இங்க அதை வச்சு படிக்க ஒண்ணுமே இல்ல. அதுக்கு நாகலாபுரம் போய்த்தான் ஆகணும்.

சேர்றதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு கேளுங்க, நடக்கும்போது மேப் யார் கைல இருக்கும்னு. லீடர் கைலதான்னு பதில் வந்தா வேற குரூப் பாருங்க.