கார் கண்ணாடி ஃபிலிமைத் துடைக்க மைக்ரோஃபைபர் துணியா, ரப்பர் வைப்பரா?

கார் ஜன்னலின் கறுப்பு ஃபிலிம் கண்ணாடியின் உட்புறத்தில்தான் ஒட்டப்படுகிறது என்பதால், அதில் விழும் கீறல்களில் பல நாம் துடைக்கும்போது விழுபவையே. அமோனியா கலந்த கண்ணாடி ஸ்ப்ரே, செய்தித்தாள், டிஷ்யூ ஆகியவற்றைப் பேச்சுக்கே எடுக்க வேண்டியதில்லை. எஞ்சுபவை ஈரமான மைக்ரோஃபைபர் துணியும் கையால் இழுக்கும் ரப்பர் வைப்பரும். இரண்டையும் பயன்படுத்திப் பார்த்த பின் நான் துணியோடு நின்றுவிட்டேன்.

வைப்பரைக் குறைத்து மதிப்பிட முடியாது. ஃபிலிம் ஒட்டுபவர்கள் அடியில் தங்கும் நீரை வெளியேற்ற அதே வகைக் கருவியைத்தான் நம்புகிறார்கள். தட்டையான கண்ணாடியில் திட்டு விடாமல் ஒரே இழுப்பில் அது வேலையை முடித்துவிடும். ஆனால், கார் கண்ணாடி வளைந்தது. மூலைகளில் ரப்பர் படியாது. வழித்த நீரோ நேராகப் பவர் விண்டோ சுவிட்சுகளின் மேல் இறங்கும்.

என்னைத் துணியின் பக்கம் சாய்த்தது மணல்தான். மோஸ் அளவுகோலில் கண்ணாடியின் கடினம் ஏறத்தாழ 5.5, மணலிலுள்ள குவார்ட்ஸின் கடினம் 7. கண்ணாடியையே கீறக்கூடிய துகளுக்கு முன் பாலியெஸ்டர் ஃபிலிம் எம்மாத்திரம்? அதன் மேலுள்ள கடினப்பூச்சு துணியின் உரசலைத் தாங்குமே தவிர மணலைத் தாங்காது. கீறிய ஃபிலிமைப் பாலிஷ் போட்டுச் சரிசெய்யவும் வழியில்லை. அந்த ஜன்னலுக்கு முழுவதுமாக உரித்துப் புதிதாக ஒட்ட வேண்டியதுதான். வைப்பரின் விளிம்பில் ஒரு துகள் சிக்கினால் இழுத்த நீளத்துக்கும் கோடு விழும். நல்ல மைக்ரோஃபைபரிலோ துகள் இழைகளுக்குள் இறங்கி, ஃபிலிமின் பரப்பை விட்டு ஓரளவு விலகிவிடுகிறது.

இந்த நன்மை துணியைப் பராமரிக்கும் வரையில்தான். நான்காக மடித்து, இரண்டு சொட்டு மிதமான சோப்பு கலந்த நீரில் நனைத்து, முதல் தடவை அழுத்தாமல் மேலிருந்து கீழாக இழுத்தால், மடிப்பின் ஓரத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கோடு படிவதைக் காணலாம். அந்தப் பக்கத்தை மறுபடி கண்ணாடியில் வைக்கக் கூடாது. துவைக்கும்போது பருத்தித் துண்டுகளோடு சேர்த்தால் பஞ்சு ஒட்டிக்கொள்ளும். துணி மென்மையாக்கும் திரவம் இழைகளின் உறிஞ்சும் தன்மையைக் கெடுக்கும். வெளி பாடியைத் துடைத்த துணி, எவ்வளவு அலசியிருந்தாலும், ஃபிலிமுக்கு வேண்டாம். (வைப்பருக்கு இத்தனை சடங்குகள் இல்லை என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும், விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாலே போதும்.)

செங்குத்தாக, அருகருகே மெல்லிய கோடுகள் தென்பட்டால் இரண்டின் மீதும் பழி போட வேண்டாம். கண்ணாடி ஏறி இறங்கும் இடத்திலுள்ள பீடிங்கில், அதாவது ரப்பர் பட்டையில், தங்கிய தூசுதான் காரணம். அதை வேக்யூம் செய்து, ஈரத்துணியால் துடைத்துவிடுவதே தீர்வு. புதிதாக ஒட்டிய ஃபிலிமென்றால், ஒட்டியவர் சொல்லும் நாள்வரை கண்ணாடியை இறக்காமலும் துடைக்காமலும் விட்டுவிட வேண்டும்.

வைப்பரை நான் பெரும்பாலும் பக்கக் கண்ணாடிகளில்தான் பயன்படுத்தியிருக்கிறேன். எனவே பின்கண்ணாடியைப் பற்றிய என் கருத்தைச் சற்றுக் கழித்தே எடுத்துக்கொள்ளலாம். அங்கே பனிநீக்கிக் கம்பிகளின் மேல் ஃபிலிம் சற்று மேடாக நிற்பதால், துணியையும் கம்பிகளின் போக்கிலேயே, குறுக்கே உரசாமல், பக்கவாட்டில் இழுக்கிறேன்.