லாக்டேட் மீட்டரா, தசை ஆக்சிஜன் சென்சாரா? இரண்டையும் வாங்கியவனின் கணக்கு

கோயம்புத்தூரில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து சைக்கிள் ஓட்டுகிறோம். ஞாயிற்றுக்கிழமை மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏற்றம், வார நாட்களில் மொட்டை மாடியில், நின்ற இடத்திலேயே சைக்கிளை மிதிக்க உதவும் டிரெயினர். நான்கு பேருக்கும் பயிற்சி அட்டவணை போடுவது என் பொறுப்பு. அதற்காகத்தான் முதலில் லாக்டேட் மீட்டர் வாங்கினேன். ஒன்றரை வருடம் கழித்து தசை ஆக்சிஜன் சென்சார் வாங்கினேன். இன்று யாராவது ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால், சென்சாரை வாங்கச் சொல்வேன். எங்கள் நால்வரில் ஒருவருக்கு மட்டும் அதைச் சொல்ல மாட்டேன். அவர் கதை கீழே வருகிறது.

இதயத் துடிப்பை அளக்கும் நெஞ்சுப் பட்டையை இந்தப் போட்டியில் சேர்க்கவில்லை. அது எல்லோரிடமும் இருக்கிறது, இருக்கட்டும். ஆனால் சித்திரை மாதத்தில் மிதிக்கும் சக்தி மாறாமல் அதே 180 வாட்டில் ஓட்டும்போது இருபதாவது நிமிடம் 142 காட்டிய துடிப்பு, ஒரு மணி நேரத்தில் 158-க்குப் போய்விடும். காலின் வேலை கூடவில்லை. வியர்வையில் நீர் போயிருக்கிறது, உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் ரத்தம் போகிறது, அதனால் இதயம் வேகமாக அடிக்கிறது. தொடைத் தசை என்ன பாடுபடுகிறது என்பதை அந்த எண்ணிலிருந்து எடுக்க முடியாது.

நமக்கு வேண்டியது ஒரு கோடு. எந்த வேகம் வரை தசை தன் வரவு செலவைச் சமாளிக்கிறது, எதற்கு மேல் கடன் ஏறத் தொடங்குகிறது என்ற கோடு. லாக்டேட் மீட்டர் அதை ரத்தத்தில் தேடுகிறது. வேலை கடுமையாகும்போது தசையிலிருந்து ரத்தத்தில் கூடுகிற பொருள்தான் லாக்டேட். மூன்று நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை வாட்டை ஏற்றி, ஒவ்வொரு படியின் முடிவிலும் விரலிலோ காது மடலிலோ குத்தி, ஒரு துளி எடுத்துப் பார்க்க வேண்டும். ஓய்வில் லிட்டருக்கு 1 மில்லிமோலுக்குப் பக்கத்தில் இருப்பது மெல்ல ஏறி, ஓர் இடத்துக்குப் பிறகு கிடுகிடுவென்று உயரும். 4 மில்லிமோல் என்ற எண்ணை ஜெர்மனியில் 1970-களில் மாடர் என்ற ஆய்வாளரின் குழுவினர் எல்லையாக வைத்தார்கள். ஆளுக்கு ஆள் அந்த எல்லை மாறும் என்று பிறகு தெரிந்தாலும், இன்னும் பயிற்சியாளர்கள் வாயில் அதுதான் வருகிறது.

சென்சார் ஒளியில் தேடுகிறது. முழங்காலுக்கு ஒரு சாண் மேலே, தொடையின் வெளிப்பக்கம் ஒட்டிக்கொள்ளும் சின்னப் பெட்டி அது. சிவப்பின் கடைசியிலும் அதைத் தாண்டிய அண்மை அகச்சிவப்பிலும் உள்ள ஒளியை, ஏறக்குறைய 650 முதல் 900 நானோமீட்டர் வரை, உள்ளே அனுப்பித் திரும்பி வருவதை அளக்கிறது. ஆக்சிஜன் ஏற்றிய ஹீமோகுளோபினும் இறக்கிவிட்ட ஹீமோகுளோபினும் இந்த ஒளியை வெவ்வேறு அளவில் உறிஞ்சும். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டருக்கும் இதே அடிப்படைதான். ஆனால் அது தமனியின் துடிப்பைப் பிடித்து அளப்பது. நல்ல உடம்பில் எவ்வளவு ஓடினாலும் பெரும்பாலும் 97, 98 என்றே நிற்கும். தசை சென்சார் பார்ப்பது தசைக்குள் இருக்கும் நுண்ணிய ரத்தக் குழாய்களை. அங்கே வரும் ஆக்சிஜனுக்கும் தசை எடுத்துக்கொள்ளும் ஆக்சிஜனுக்கும் இடையில் உள்ள மிச்சத்தைச் சதவீதமாகக் காட்டுவதால் எண் நன்றாக ஆடும். தசைக்குள் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும் மயோகுளோபினும் அதே ஒளியில் கலந்துதான் தெரியும், இரண்டையும் இந்தக் கருவியால் பிரிக்க முடியாது. பயிற்சிக்கு அது ஒரு குறையில்லை.

இந்த வழியை விளையாட்டுக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் பிரிட்டன் சான்ஸ் என்ற அமெரிக்க விஞ்ஞானி. படகு வலிக்கும் வீரர்களின் தொடையில் ஒளியை வைத்து, வேலை முடிந்தபின் ஆக்சிஜன் எவ்வளவு நேரத்தில் மீள்கிறது என்று 1992-இல் ஒரு கட்டுரை எழுதினார். அவரே 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் பாய்மரப் படகில் தங்கம் வென்றவர். உடம்பை வருத்தத் தெரிந்த ஒருவர் இப்படி யோசித்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

சரி, கோட்டைக் கண்டுபிடிப்பதில் எது துல்லியம்? நன்றாகச் செய்தால் லாக்டேட்தான். மொத்த உடம்பின் ரத்தத்தைப் பேசுகிறது, என் எண்ணையும் உங்கள் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம், பின்னால் பல பத்தாண்டு ஆய்வு நிற்கிறது. "நன்றாகச் செய்தால்" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. என்னை மாற வைத்ததும் அதுதான்.

மீட்டரில் ஒவ்வொரு ரத்தத் துளிக்கும் ஒன்று செலவாகும் ஸ்ட்ரிப்பின் கணக்கைச் சொல்கிறேன். சுகர் டெஸ்ட் ஸ்ட்ரிப் மாதிரியேதான், ஆனால் மருந்துக் கடையில் கிடைக்காது. வெளிநாட்டிலிருந்து வரவழைத்து எனக்கு ஒன்று 250 ரூபாய் ஆனது. ஒருவருக்கு ஒரு சோதனை என்றால் ஏழு படி, ஏழு ஸ்ட்ரிப், 1,750 ரூபாய். நான்கு பேருக்கு ஒரு சுற்று 28 ஸ்ட்ரிப். பெட்டியில் இருப்பது 25. ஆறேழு வாரத்துக்கு ஒரு சுற்று என்று வருடத்துக்கு எட்டுச் சுற்று போட்டால் 224 ஸ்ட்ரிப், 56,000 ரூபாய். ரத்தம் போதாமல் பிழை காட்டி வீணாவதைச் சேர்த்தால் அறுபதாயிரம். சென்சாருக்கு நான் கொடுத்தது முக்கால் லட்சத்துக்குக் கொஞ்சம் மேல். அது ஒரே ஒரு தடவை.

பணத்தைக்கூட விடுங்கள். ஸ்ட்ரிப் எண்ணத் தொடங்கினால் சோதனை மாறிவிடுகிறது. பெட்டியில் ஐந்துதான் இருக்கிறது என்றால், முதல் இரண்டு படியில் குத்த வேண்டாம், எப்படியும் கீழேதான் இருக்கும் என்று மனசு சொல்லும். கீழே எங்கே நிற்கிறது என்று தெரியாமல், எங்கே ஏறத் தொடங்கியது என்று எப்படிச் சொல்வது? ஒரு படியில் எண் விசித்திரமாக 6.8 என்று வந்தால் உடனே இன்னொரு விரலில் குத்திச் சரிபார்க்க வேண்டும். ஸ்ட்ரிப் குறைவாக இருந்தால் கை வராது. அந்த 6.8 பெரும்பாலும் வியர்வையின் வேலை. வியர்வையில் லாக்டேட் ரத்தத்தைவிடப் பல மடங்கு அதிகம். விரலைத் தண்ணீரால் துடைத்து, காயவைத்து, முதல் துளியை ஒற்றி எடுத்துவிட்டு, இரண்டாவது துளியைத் தொட வேண்டும். காலை ஏழு மணிக்கே நனைந்து போகிற மொட்டை மாடியில், ஓட்டிக்கொண்டிருப்பவரின் கையைப் பிடித்து இதையெல்லாம் முப்பது விநாடியில் செய்து பாருங்கள். ஸ்ட்ரிப்புக்கு வெப்பமும் ஆகாது. டப்பாவில் எல்லை போட்டிருக்கும், நம் கோடை அதைத் தாண்டும். காலாவதித் தேதியும் உண்டு. போன வருடம் ஒரு முழுப் பெட்டி அப்படித்தான் போயிற்று: ஒருவருக்குக் காய்ச்சல், ஒருவருக்கு அலுவலக வேலை, சுற்று தள்ளிக்கொண்டே போனது. ஆறேழு வாரத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டியதை நாங்கள் வருடத்துக்கு மூன்று முறைதான் பார்த்தோம்.

சென்சார் வந்தபிறகு சோதனை என்று தனியாக ஒன்று இல்லாமல் போனது. ஒவ்வொரு ஓட்டமும் சோதனைதான். கோத்தகிரி ஏற்றம் சுமார் 33 கிலோமீட்டர். அதில் நான் எண்ணைப் பார்ப்பதில்லை, எண்ணின் சாய்வைப் பார்க்கிறேன். ஒரே வாட்டில் ஐந்து நிமிடம் மிதித்து, எண் 48-லேயே நின்றால் தசை சமாளிக்கிறது. 48, 46, 43 என்று சொட்டிக்கொண்டே இறங்கினால் கோட்டைத் தாண்டிவிட்டேன், பத்து வாட் குறைக்க வேண்டும். கடுமையாக மிதித்து, ஓய்ந்து, மீண்டும் மிதிக்கும் இடைவெளிப் பயிற்சியில் இது இன்னும் உதவுகிறது. இரண்டு நிமிடம் ஓய்வு என்று கடிகாரத்தைப் பார்ப்பதற்குப் பதிலாக, எண் பழைய இடத்துக்குத் திரும்பியதும் அடுத்ததைத் தொடங்குகிறோம். திரும்பவே மாட்டேன் என்றால் அன்றைக்கு அவ்வளவுதான், வீட்டுக்குப் போகலாம். இந்தத் தகவலை லாக்டேட் மீட்டரில் எடுக்க விரலைச் சல்லடையாக்க வேண்டும்.

அப்புறம் மறுவிற்பனை. பிரித்த ஸ்ட்ரிப் பெட்டியை யாரும் வாங்க மாட்டார்கள், சென்சாரை வாங்க ஆள் உண்டு. ஆனால் இந்தத் துறையில் கடை திறந்த சில நிறுவனங்கள் மூடியும் விட்டன. அவர்களுடைய செயலி இல்லாமல் வேலை செய்யாத கருவியை வாங்காதீர்கள். எண்ணை ஆன்ட் பிளஸ் (ANT+) என்ற கம்பியில்லா இணைப்பு வழியாக நேரே சைக்கிள் கணினிக்கு அனுப்புகிற கருவியாகப் பாருங்கள். நிறுவனம் போனாலும் கருவி நிற்கும்.

இப்போது அந்த நான்காவது ஆள். பார்க்க ஒல்லி, எங்கள் குழுவிலேயே வேகமாக ஏறுகிறவர். சென்சாரை அவர் தொடையில் ஒட்டினால் எண் 66-இல் தொடங்கி, உச்சக்கட்ட வேலையில் 61-க்கு வந்து நின்றுவிடும். "அண்ணா, இது வேலை செய்யுதா இல்லையா?" என்று கேட்டார். கருவி வேலை செய்கிறது, ஆனால் தசையைப் பார்க்கவில்லை. ஒளி உள்ளே இறங்கும் ஆழம், விளக்குக்கும் உணரிக்கும் உள்ள தூரத்தில் ஏறக்குறைய பாதி. 3 சென்டிமீட்டர் இடைவெளி என்றால் ஒன்றரை சென்டிமீட்டர் ஆழம்தான். தோலுக்குக் கீழே உள்ள கொழுப்பே ஒரு சென்டிமீட்டர் இருந்தால் ஒளி பெரும்பாலும் அதற்குள்ளேயே சுற்றித் திரும்பும். அந்தக் கொழுப்பில் ரத்தமும் குறைவு, ஆக்சிஜன் செலவும் குறைவு, அதனால் எண் ஆடாது.

ஒல்லியாக இருப்பவருக்குக் கொழுப்பு எப்படி? நம் நாட்டு உடம்புக்கு இது புதிதல்ல. 2004-இல் லான்செட் இதழில் புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யுட்கினும் தங்கள் இருவரின் படத்தையே போட்டார்கள். இருவருக்கும் உடல் நிறைக் குறியீடு 22.3. உடல் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2 சதவீதம். வெளிநாட்டுக் கருவியின் விளம்பரத்தில் வருகிற தொடையை நம்பி நாம் வாங்கக் கூடாது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்? வாங்குவதற்கு முன்னால் ஒட்டப் போகிற இடத்தில் தோலைக் கிள்ளி, மடிப்பளவு காட்டும் காலிப்பரால் அளந்து, வருவதைப் பாதியாக்குங்கள். கிள்ளும்போது இரண்டு அடுக்கு வருவதால்தான் பாதி. என் அனுபவத்தில் 6 மில்லிமீட்டருக்குள் இருந்தால் நல்ல வரைபடம் கிடைக்கிறது. அதற்கு மேலே பார்த்தது இவர் ஒருவரைத்தான், அதனால் எல்லை எது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். எங்கள் குழுவில் பெண்கள் இல்லை. பொதுவாகப் பெண்களுக்குத் தொடையில் கொழுப்பு அதிகம் என்பதால் அவர்கள் இந்த அளவைக் கட்டாயம் எடுத்துவிட வேண்டும்.

கொழுப்பென்றால் எல்லாமே இப்படி ஒளிக்கு ஊமையாக இருப்பதில்லை. உடம்பைச் சூடாக்க எரிகிற பழுப்புக் கொழுப்பில் மைட்டோகாண்ட்ரியாவும் நுண்குழாய்களும் நிறைந்திருக்கும், நிறமே அதனால்தான். பெரியவர்களுக்கும் அது வேலை செய்கிறது என்று 2009-இல் மூன்று ஆய்வுகள் ஒரே இதழில் காட்டின. அவை கையாண்ட பெட் ஸ்கேனில் கதிர்வீச்சு உண்டு, ஆளைக் குளிரிலும் உட்கார வைக்க வேண்டும். டோக்கியோவில் ஹமாவோகா குழுவினர் அதற்கு மாற்றாக, காரையெலும்புக்கு மேலே அண்மை அகச்சிவப்பை வைத்து, அங்குள்ள மொத்த ஹீமோகுளோபின் அளவிலிருந்து பழுப்புக் கொழுப்பைக் கணிக்கிறார்கள். சான்ஸின் 1992 கட்டுரையில் கூட இருந்தவர் ஹமாவோகா. தசையைப் பார்த்த அதே ஒளி கொழுப்பையும் பார்க்கப் போயிருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆனால் அவர்கள் வைத்திருப்பது ஒளித்துகள் வந்து சேரும் நேரத்தையே அளக்கிற ஆய்வகக் கருவி. நம் சென்சாரைக் கழுத்தில் ஒட்டிப் பார்க்காதீர்கள்.

இன்னொரு குறையும் உண்டு. சென்சார் தனக்குக் கீழே இருக்கிற தசையை மட்டும்தான் பார்க்கும். களைப்பில் நான் இடுப்பை அசைத்துப் பின்தொடையால் மிதிக்கத் தொடங்கினால், முன்தொடை எண் தேறிவிட்டது போலக் காட்டும். நின்று ஏறும்போது இது அடிக்கடி நடக்கிறது. ஓட்டப் பயிற்சியில் கெண்டைக்காலில் ஒட்டி நான்கைந்து முறைதான் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு அடிக்கும் அதிர்ந்து எண் குதித்தது. ஓட்டக்காரர்கள் அதில் நிறையப் பழகியவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

இப்போதைய ஏற்பாடு இதுதான். மூன்று பேரும் சென்சாரை மாற்றி மாற்றிக் கட்டிக்கொள்கிறோம். வருடத்துக்கு ஒரே ஒரு பெட்டி ஸ்ட்ரிப், குளிர்காலத்தில் வாங்குகிறோம், 25-உம் அந்த நான்காவது ஆளுக்கு. மூன்று முழுச் சோதனை போக நான்கு மிஞ்சும். சந்தேகமான எண் வந்தால் இரண்டாவது விரலில் குத்த அந்த நான்கு.