பரிசோதனை மேஜைக்கு ஏற முடியுமா? சக்கர நாற்காலியிலிருந்து நான்கு மருத்துவ வழிகள்

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நடந்த இருசக்கர வாகன விபத்தில் என் தண்டுவடம் மார்புப் பகுதியில், நான்காம் எலும்பருகே அடிபட்டது. கைகள் நன்றாக இயங்குகின்றன. மார்புக்குக் கீழே உணர்வு கிடையாது. மற்றவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் எந்த டாக்டரிடம் போகலாம் என்று யோசிப்பார்கள். நானும் என் தங்கையும் எந்தக் கட்டடத்துக்குள் போக முடியும் என்று யோசிப்போம்.

அண்மையில் தண்டுவடம் பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணின் தாயார் என்னிடம் கேட்டார்: "பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகவா, தனியாருக்குப் போகவா, இல்லை வீட்டுக்கு வரும் நர்சம்மாவே போதுமா?" தொலைபேசியில் அரைகுறையாகத்தான் சொல்ல முடிந்தது. அவருக்குச் சொல்லாமல் விட்டதையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

முதலில், நான் எதை வைத்து ஒப்பிடுகிறேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். வாசலில் சாய்தளம் இருக்கிறதா என்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள். அது தேவைதான். அதிலும் கணக்கு இருக்கிறது: ஓர் அடி ஏறப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். ஒவ்வொன்றும் 15 சென்டிமீட்டர் உயரமுள்ள மூன்று படிகள் இருந்தால் சாய்தளம் ஐந்தரை மீட்டர் போக வேண்டும். பல இடங்களில் இரண்டு மீட்டரில் முடித்துவிடுகிறார்கள். அதில் ஸ்ட்ரெச்சரைத் தள்ளலாம். தானே உருட்டிக்கொண்டு வருபவர் பின்னால் சாய்ந்து விழுவார்.

ஆனால் என் அனுபவத்தில் வாசலைவிடப் பெரிய தடை டாக்டரின் அறைக்குள் இருக்கிறது. என் நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து 50 சென்டிமீட்டர். நான் போன பெரும்பாலான இடங்களில் பரிசோதனை மேஜை 80 சென்டிமீட்டர். மேஜை நாற்காலியின் உயரத்துக்கு இறங்கினால் ஒரு சறுக்குப் பலகையை இடையில் வைத்து நானே நகர்ந்துவிடுவேன், யார் கையும் என்மேல் பட வேண்டியதில்லை. இறங்காவிட்டால் இரண்டு ஆண் ஊழியர்கள் அக்குளில் ஒருவர், முழங்காலில் ஒருவர் என்று பிடித்துத் தூக்குவார்கள். இல்லையென்றால், இதுதான் அடிக்கடி நடப்பது, டாக்டர் என்னை நாற்காலியிலேயே வைத்துப் பார்த்துவிட்டு மருந்து எழுதிவிடுவார். வயிற்றை அழுத்திப் பார்க்க மாட்டார், முதுகின் கீழே புண் இருக்கிறதா என்றும் பார்க்க மாட்டார். ஒன்பது ஆண்டுகள் யாரும் என்னை எடை பார்க்கவில்லை, ஏனென்றால் எடை பார்க்கும் கருவியில் ஏறி நிற்க வேண்டும். மருந்தின் அளவையெல்லாம் கண்ணால் மதிப்பிட்டே கொடுத்தார்கள்.

இனி ஒவ்வொன்றாக.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தூரமும் கூட்டமும் சோர்வடையச் செய்யும். ஓபி சீட்டு ஓரிடம், ரத்தப் பரிசோதனை அடுத்த கட்டடம், ஸ்கேன் இன்னொரு கோடி. இடையில் உடைந்த தளக்கல், மழைநீர் வடிகால். எங்கள் பகுதியில் நான் போகும் மருத்துவமனையில் மாற்றுத்திறனாளிகளுக்கான கழிப்பறையில் பழைய கட்டில்களை அடுக்கிப் பூட்டியிருந்தார்கள். ஒருமுறை எக்ஸ்ரேவுக்காக மெத்தை இல்லாத இரும்பு ஸ்ட்ரெச்சரில் இரண்டு மணி நேரம் படுக்க வைத்தார்கள். எனக்கு வலி தெரியாது. வீட்டுக்கு வந்து ஆடை மாற்றும்போதுதான் தங்கை வால் எலும்பின் மேல் சிவந்திருப்பதைப் பார்த்தாள். அந்தப் புண் ஆற நான்கு மாதம் ஆயிற்று.

அப்படியிருந்தும், ஆபத்தான நேரத்தில் நான் முதலில் போவது அங்கேதான். காரணம், அறிவு. தண்டுவடம் மார்பின் ஆறாம் எலும்புக்கு மேலே அடிபட்டவர்களுக்கு ஒரு விபரீதம் உண்டு. சிறுநீர் டியூப் அடைத்துக்கொண்டாலோ மலம் இறுகிவிட்டாலோ உடல் அதை வலியாக உணராது. அதற்குப் பதிலாக ரத்த அழுத்தம் திடீரென்று எகிறும். தலை வெடிப்பதுபோல வலிக்கும், நெற்றி வியர்க்கும். மூளையில் ரத்தக்கசிவுகூட ஏற்படலாம். உடனே நிமிர்த்தி உட்கார வைத்து, அடைப்பை நீக்கினால் பெரும்பாலும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். என் வழக்கமான அழுத்தம் 100/60. ஒரு நள்ளிரவு அது 190 ஆனது. அருகில் இருந்த தனியார் மருத்துவமனையில் என்னைப் படுக்க வைத்தார்கள். அந்த நேரத்தில் செய்யவே கூடாதது அது. ஊசி போட்டு, தலைக்கு ஸ்கேன் எழுதினார்கள். "அக்காவின் டியூபைப் பாருங்கள்" என்று தங்கை மூன்று முறை சொன்னாள். நாற்பது நிமிடம் கழித்துத்தான் பார்த்தார்கள். அடைப்பு நீங்கியதும் தலைவலி நின்றுவிட்டது. இரண்டாண்டு கழித்து இதே நிலையில் அரசு மருத்துவமனைக்குப் போனபோது, பணியில் இருந்த மூத்த செவிலியர் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "டியூப் எப்போது மாற்றினீர்கள்?" தண்டுவடப் பாதிப்புள்ளவர்களை வாரந்தோறும் பார்க்கும் இடத்துக்கும், எப்போதாவது பார்க்கும் இடத்துக்கும் உள்ள வேறுபாடு இது.

தனியாரின் சிறப்பு, வசதிதான். லிஃப்ட் ஓடும், கழிப்பறைக் கதவு அகலமாக இருக்கும், நேரம் குறித்துக்கொண்டு போகலாம். பளபளப்பான தரையில் நாற்காலி வழுக்கிக்கொண்டு போகும். இதையெல்லாம் குறைத்துச் சொல்ல மாட்டேன். கழிப்பறைக்குப் போக முடியும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் காலையிலிருந்து தண்ணீர் குடிக்கத் துணிவு வரும். தண்ணீர் குடிக்காமல் போய் வந்ததாலேயே சிறுநீர்த் தொற்று வந்தவர்கள் எங்களில் எத்தனையோ பேர். ஆனால் அறைக்குள் நுழைந்தால் அங்கேயும் அதே 80 சென்டிமீட்டர் மேஜைதான். தாழ்த்தக்கூடிய மேஜை வாங்கலாமே என்று ஒரு நிர்வாகியிடம் கேட்டேன். "உங்களைப் போல எப்போதாவது ஒருவர்தானே வருகிறார்" என்றார். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் மட்டும் 11.79 லட்சம் பேர் மாற்றுத்திறனாளிகளாகப் பதிவாகியிருக்கிறார்கள். ஏற முடியாத இடத்துக்கு அவர்கள் எப்படி வருவார்கள்?

செலவைப் பற்றிச் சுருக்கமாக. முதல்வரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்குக் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது, பட்டியலில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் செல்லும். ஆனால் அது பெரிதும் உள்நோயாளியாகச் சேர்பவர்களுக்கு உதவுவது. மாதாமாதம் வாங்கும் டியூப், பை, பஞ்சு, வண்டி வாடகை எல்லாம் நம் கையிலிருந்துதான்.

மூன்றாவது வழி, வீடு தேடி வருவது. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கப்பட்டபோது நான் ஐயத்தோடுதான் பார்த்தேன். இன்று என் ரத்த அழுத்தம், சர்க்கரை இரண்டையும் வீட்டு வாசலிலேயே பார்க்கிறார்கள். இயன்முறை மருத்துவர் வந்து தோள்பட்டைக்குப் பயிற்சி கொடுக்கிறார். நாற்காலியைத் தள்ளித் தள்ளித் தேய்ந்த தோள் அது. நோய்த்தணிப்புச் செவிலியர் புண்ணுக்குக் கட்டுப் போடுகிறார். மருத்துவமனைக்குப் போய்வர 900 ரூபாய் வண்டி வாடகையும் தங்கையின் ஒரு நாள் கூலியும் போகும். அவை மிச்சம். புண்ணைத் தொலைபேசி வழியாக டாக்டரிடம் காட்ட இ-சஞ்சீவனி என்ற அரசின் தொலைமருத்துவச் சேவையும் இருக்கிறது, தொடர் மருந்துகளுக்கு அது போதும்.

இங்கேதான் எனக்கு ஒரு கவலை. வீட்டுக்கு வரும் தன்னார்வலர் அம்மா கருப்பைவாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரச் சொல்லிச் சீட்டு கொடுத்தார். நல்ல திட்டம், இலவசம். போனேன். மேஜையில் ஏற்ற முடியவில்லை. செவிலியர் உண்மையான வருத்தத்தோடுதான் சொன்னார், "வீட்டுக்கே எல்லாம் வருகிறதே அம்மா, நீங்கள் ஏன் அலைகிறீர்கள்?" எக்ஸ்ரே, மார்பகப் பரிசோதனை, பல், கண், கருப்பை எதுவும் வீட்டுக்கு வராது. வீட்டுக்கு மருந்து வருவதால் மருத்துவமனை எனக்காகத் திறக்க வேண்டியதில்லை என்று ஆகிவிடக் கூடாது.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை இரண்டிலும் எல்லாப் பகுதிகளும் தடையின்றி இருக்க வேண்டும் என்கிறது. எங்களுக்குச் சிகிச்சையில் முன்னுரிமை தர வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தப் பக்கத்தின் நகல் என் பையில் எப்போதும் இருக்கும். வரிசையில் அதைக் காட்டி மூன்று முறை வேலை நடந்திருக்கிறது. 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம், இந்த வசதிகளை வெறும் பரிந்துரைகளாக வைத்திருந்த விதியைச் செல்லாது என்று அறிவித்து, கட்டாயமான தரங்களை வகுக்கச் சொன்னது. அந்தத் தரங்களில் மேஜையின் உயரமும் இடம்பெற வேண்டும் என்பது என் கோரிக்கை.

நான்காவது, மறுவாழ்வு மையங்கள். வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மையம் டாக்டர் மேரி வர்கீஸ் முயற்சியால் 1966இல் தொடங்கியது. 1954இல் விபத்தில் தண்டுவடம் அடிபட்ட பிறகு சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர் அவர். தென்காசிக்கு அருகே ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் 1981இல் பிறந்தது. அதைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் 1975இல் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். சென்னை கே.கே. நகரில் அரசின் மறுவாழ்வு மருத்துவ நிறுவனம் இருக்கிறது. நாற்காலியில் இருப்பவரை நினைத்தே வடிவமைத்த ஒரு மறுவாழ்வு மையத்தில் எனக்குத் தாழ்ந்து இறங்கும் மேஜை கிடைத்தது. நாற்காலியோடு எடை பார்த்தார்கள். அந்தக் கருப்பைவாய்ப் பரிசோதனையும் அங்கேதான் முடிந்தது, நானே நகர்ந்து ஏறினேன். குறை ஒன்றுதான்: இரவு முழுவதும் பயணம், உடன் வருபவருக்கும் தங்குமிடம், ஒரு வாரம் வருமானம் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறைக்கு மேல் முடிவதில்லை.

அந்தத் தாயாருக்கு என் பதில் இதுதான். முதல் ஆண்டில் எப்படியாவது ஒரு மறுவாழ்வு மையத்தில் சில வாரங்கள் தங்குங்கள். டியூப் மாற்றவும் புண் வராமல் பார்க்கவும் மகளுக்குக் கற்றுக்கொடுப்பார்கள். மாதாந்திரத் தேவைக்கு வீடு தேடி வருபவர்களிடம் பதிவு செய்யுங்கள். திடீரென்று தலைவலியும் வியர்வையும் வந்தால் முதலில் நிமிர்த்தி உட்கார வையுங்கள், டியூபைப் பாருங்கள், தணியாவிட்டால் உடனே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 108இல் நாற்காலியை ஏற்ற இடம் கிடைப்பதில்லை, காற்று மெத்தையையாவது சுருட்டி எடுத்துக்கொள்ளுங்கள். தனியாருக்குப் போவதானால் முன்கூட்டித் தொலைபேசியில் கேளுங்கள். "சாய்தளம் இருக்கிறதா?" என்று கேட்டால் எல்லோரும் இருக்கிறது என்பார்கள். பரிசோதனை மேஜையை நாடாவால் அளந்து உயரம் சொல்லச் சொல்லுங்கள்.