தேனும் கோபுரமும்: இன்பத்தை இலக்காக்கிய இரண்டு கிரேக்கப் பள்ளிகள்

கிரேக்க இன்பவாதம் என்றதும் எல்லோருக்கும் எபிகூரஸ்தான் நினைவுக்கு வருகிறார். அவருக்குச் சுமார் நூறாண்டுகள் முன்னால் பிறந்த அரிஸ்டிப்பஸ் இன்பமே நாடத்தக்கது என்று ஏற்கெனவே சொல்லியிருந்தார். அவர் இன்றைய லிபியாவில் இருந்த சைரீன் என்ற கிரேக்க நகரத்துக்காரர். சாக்ரடீஸின் பெயரைக் கேள்விப்பட்டு ஏதென்ஸுக்கு வந்தவர். அவர் வழிவந்தவர்களைச் சைரீன் பள்ளியினர் என்கிறோம்.

இரு தரப்புக்கும் முதற்சான்று ஒன்றே. சின்னக் குழந்தையைப் பாருங்கள். யாரும் சொல்லித்தராமலே இன்பத்தைத் தேடுகிறது, வலியிலிருந்து விலகுகிறது. ஆனால் அதற்கு அடுத்த அடியிலேயே பாதை பிரிந்துவிடுகிறது. சைரீன்காரர்கள் உடல் இன்பத்தையும் இந்தக் கணத்தையும் பிடித்துக்கொண்டார்கள், எபிகூரஸ் மன அமைதியையும் முழு வாழ்நாளையும் எடுத்துக்கொண்டார் என்று பாடநூல்கள் சொல்லும். அது உண்மைதான். ஆனால் ஏன் அப்படிப் பிரிந்தார்கள் என்பதைச் சுவை வேறுபாடாகவோ குணநலனாகவோ விளக்கிவிட முடியாது. மனிதனுக்கு எது தெரியும் என்ற கேள்விக்கு இருவரும் தந்த பதில்கள் வேறு. அறம் அந்தப் பதில்களின் பின்னால்தான் வருகிறது.

சைரீன்: எனக்கு இனிக்கிறது, அவ்வளவுதான்

தேனை நாவில் வைக்கிறோம். 'தேன் இனிப்பானது' என்று சொல்லச் சைரீன்காரர் நம்மை அனுமதிக்கமாட்டார். தேனைப் பற்றி நமக்கு என்ன தெரியும்? தெரிவதெல்லாம் நமக்குள் நிகழும் பாதிப்பு மட்டுமே. அதைச் சொல்லக் கிரேக்கத்தில் வினை இல்லாமல், 'நான் இனிப்பிக்கப்படுகிறேன்', 'நான் வெண்மையாக்கப்படுகிறேன்' என்கிற மாதிரி விசித்திரமான வினைகளை அவர்கள் உருவாக்க வேண்டியிருந்தது. தமிழுக்கு அந்தச் சிரமமே இல்லை. 'எனக்குக் குளிர்கிறது', 'எனக்குக் கசக்கிறது' என்று நாம் அன்றாடம் சொல்வது கிட்டத்தட்ட அவர்கள் தேடிய வாக்கியம். குளிர்வது காற்றா, காய்ச்சலா என்று அந்த வாக்கியம் எதையும் உறுதி செய்வதில்லை. எனக்கு நிகழ்வதை மட்டும் சொல்கிறது. அதில் நான் தவறவே முடியாது.

காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பது நம் பழமொழி. இதே காமாலையைச் சைரீன்காரர்களின் சான்றாக, பிற்கால ஐயவாதத் தத்துவவாதியான செக்ஸ்டஸ் எம்பிரிகஸ் பதிவு செய்கிறார். காமாலைக்காரன் மஞ்சளாக உணர்வது உண்மை. வெளியே இருப்பது மஞ்சளா என்பது வேறு கேள்வி. நாம் அதைக் குறையாகச் சொல்கிறோம். அவர்களோ எல்லாக் கண்ணும் அந்த நிலையில்தான் இருக்கிறது என்றார்கள். இருவர் ஒரு பொருளைப் பார்த்து 'வெள்ளை' என்றால், பொதுவாக இருப்பது சொல் மட்டுமே. மற்றவருக்குள் நிகழ்வது எனக்கு எட்டாது. முற்றுகையிடப்பட்ட ஊரில் அடைந்துகொள்வதுபோல இவர்கள் தங்கள் உணர்வுகளுக்குள் அடைந்துகொண்டார்கள் என்று பிற்காலக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதினார்.

இதிலிருந்து அறம் நேராக இறங்குகிறது. தெரிவது உணர்வு மட்டும் என்றால் நன்மையும் தீமையும் அங்கேதான் இருந்தாக வேண்டும். உணர்வு ஓர் அசைவு. மென்மையான அசைவு இன்பம், கரடுமுரடானது துன்பம். கடலில் இதமான அலை, புயல், அலையற்ற அமைதி என்று மூன்று நிலைகள் உண்டல்லவா, அந்த மூன்றுதான் மனித நிலையும். நேற்றைய இன்பத்தின் அசைவு அடங்கிவிட்டது, நாளையது தொடங்கவில்லை. எனவே இலக்கு என்பது இந்தத் தனி இன்பம். 'மகிழ்ச்சியான வாழ்வு' என்பது அப்படிப்பட்டவற்றின் கூட்டுத்தொகை, அவ்வளவே. இயற்கை ஆராய்ச்சி எட்டாத விஷயம் என்று ஒதுக்கிவிட்டார்கள். நல்லது கெட்டது பற்றிப் பேசாத கணிதத்தை அரிஸ்டிப்பஸ் மதிக்கவில்லை என்று அரிஸ்டாட்டிலும் குறிப்பிடுகிறார்.

இவ்வளவு இறுக்கமான அமைப்பைக் கட்டியவர் அரிஸ்டிப்பஸா, அல்லது அதே பெயர் கொண்ட அவர் பேரனா என்பதில் அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பேரனுக்குத் தத்துவம் சொல்லிக்கொடுத்தவர் அரிஸ்டிப்பஸின் மகள் அரேட்டே. 'தாயிடம் கற்றவர்' என்றே பேரனுக்குப் பட்டப்பெயர். இந்தப் பெண்ணைப் பற்றி இன்னும் நிறையத் தெரிந்திருக்கக்கூடாதா என்று எனக்கு ஏக்கமாகவே இருக்கிறது.

எபிகூரஸ்: புலனை நம்பு, பொறுத்திருந்து பார்

கி.மு. 341இல் சாமோஸ் தீவில் பிறந்து, கி.மு. 306 வாக்கில் ஏதென்ஸில் தோட்டத்தோடு தன் பள்ளியை நிறுவிய எபிகூரஸ், கதவை மறுபக்கம் திறக்கிறார். தூரத்துக் கோபுரம் வட்டமாகத் தெரிகிறது, கிட்டப் போனால் சதுரம். கண் பொய் சொன்னதா? இல்லை என்கிறார். பொருள்களிலிருந்து மெல்லிய அணுப்படலங்கள் ஓயாமல் வந்து கண்ணில் படுகின்றன. தூரத்தில் வரும்போது அவற்றின் விளிம்பு தேய்ந்துபோகிறது. கண் தன்னிடம் வந்ததை வந்தபடி சொன்னது. 'கோபுரமே வட்டம்' என்று சேர்த்துக்கொண்டது நம் கருத்து. தவறு எப்போதும் அந்தச் சேர்க்கையில்தான். புலன், மனத்தில் முன்பே படிந்த பொதுக்கருத்து, இன்ப துன்ப உணர்ச்சி ஆகிய மூன்றும் அவருக்கு உண்மையின் அளவுகோல்கள்.

சைரீன்காரர் உணர்வைச் சுவராக எடுத்துக்கொண்ட இடத்தில் எபிகூரஸ் அதைச் சாளரமாக எடுத்துக்கொள்கிறார். அதன் வழியே கண்ணுக்குத் தெரியாததற்கும் போகிறார்: பொருள்கள் அசைவதைப் பார்க்கிறோம், வெற்றிடம் இல்லாவிட்டால் அசைய இடமேது, எனவே அணுக்களும் வெற்றிடமும் உண்டு. அணுக்கொள்கை, அவருக்கு முந்தைய கிரேக்கத் தத்துவவாதி டெமாக்ரிட்டஸிடமிருந்து வந்தது. அதை அறத்துக்கு அடித்தளமாக இப்படிப் பூட்டியவர் எபிகூரஸ். உயிரும் நுண்ணிய அணுக்களின் கூட்டு. உடல் குலைந்தால் அதுவும் சிதறும். சிதறியபின் உணர்வில்லை, உணர்வில்லாத இடத்தில் நன்மை தீமை இல்லை, ஆகவே மரணம் நமக்கு ஒன்றுமில்லை. இடியும் கிரகணமும் தெய்வக் கோபமல்ல. இந்த அச்சங்கள் நம்மை வாட்டாவிட்டால் இயற்கை ஆராய்ச்சியே தேவைப்படாது என்று வெளிப்படையாகவே சொன்னார்.

எனக்கு உறுத்துவது இந்த வாக்கியம்தான். அமைதிக்காக அறிவு என்றால், அமைதி கிடைத்ததும் அறிவு நின்றுவிடும். கிரகணம் ஒளி அணைவதாலும் வரலாம், இடையில் ஏதோ மறைப்பதாலும் வரலாம்; புராணத்தை மட்டும் விலக்கினால் போதும் என்று சீடர் பித்தோக்ளிஸுக்கு எழுதிய கடிதம் ஒதுங்கிக்கொள்கிறது. சூரியன் கண்ணுக்குத் தெரியும் அளவேதான், அல்லது சற்றுக் கூடக்குறைய இருக்கும் என்றும் அதில் வருகிறது. அவர் பிறந்த அதே சாமோஸில் ஒரு தலைமுறை கழித்துப் பிறந்த வானியலாளர் அரிஸ்டார்க்கஸ், வடிவியலை வைத்துச் சூரியனின் விட்டம் பூமியைப்போல் ஏறக்குறைய 6 முதல் 7 மடங்கு என்று கணக்கிட்டார். அதுவும் உண்மை அளவிலிருந்து வெகு தூரம்தான். ஆனாலும் அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார்.

எங்கே மோதுகிறார்கள்

வலியின்மை இன்பமா என்ற வாதத்தில்தான் இருவரும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. வலியெல்லாம் நீங்கிவிட்டால் அதுவே இன்பத்தின் எல்லை, அதற்குமேல் இன்பம் வகைமாறலாம், வளராது என்பது எபிகூரஸ். உடலின் தேவைக்கு எல்லை உண்டு, இயற்கை கேட்பது எளிதில் கிடைப்பது என்ற அவரது இயற்கைக் கொள்கையே இதற்கு ஆதாரம். ஒரு சிறு பானைப் பாலாடைக்கட்டி அனுப்பு, விருந்து வேண்டும்போது உண்பேன் என்று நண்பருக்கு எழுதியவர் அவர். சைரீன்காரர்களோ அந்த வலியற்ற நிலையைத் தூங்குகிறவனின் நிலை என்றார்கள். அசைவில்லாதது உணரப்படுவதில்லை, உணரப்படாததை நன்மை என்று எப்படி அறிவது? எனக்கு ஒருமுறை மூன்று நாள் பல்வலி. விட்ட அன்று மாலை உலகமே பூத்தது. மறுநாள் காலை, வலியில்லை என்ற நினைப்பே இல்லாமல் வேலைக்குப் போனேன். இந்தச் சுற்று சைரீனுக்குத்தான் என்று நினைக்கிறேன்.

அச்சத்தில் நிலைமை தலைகீழ். ஞானியும் துயரப்படுவான், பயப்படுவான், அவை இயல்பாக எழுபவை என்றார்கள் சைரீன்காரர்கள். நேர்மையான பேச்சு, ஆனால் கையில் மருந்தில்லை. மரண பயம் வெற்றுக் கருத்தின் விளைவு என்று எபிகூரஸ் வகைப்படுத்துவதால், அதைத் திருத்த அவருக்கு வழி இருக்கிறது. புலனுக்கு மேல் சேர்த்த கருத்தைக் கழற்றும் அதே கோபுரப் பாடம்தான் அது. மருந்தில்லாத பள்ளி எங்கே போய் முடியும் என்பதற்கு ஹெகெசியஸ் சாட்சி. உடல் துன்பங்களால் நிறைந்தது, ஆகவே மகிழ்ச்சி என்பதே கைகூடாது என்று கணக்கை நேர்மையாகக் கூட்டிச் சொன்ன பிற்காலச் சைரீன்காரர் அவர். கேட்டவர்கள் உயிரை மாய்த்துக்கொண்டதால் எகிப்தை ஆண்ட டாலமி மன்னர் அவர் பேச்சுக்குத் தடை போட்டதாக ரோமானிய எழுத்தாளர் சிசரோ எழுதியிருக்கிறார்.

நட்பு வந்ததும் இரண்டு கொள்கைகளும் திணறுகின்றன. அன்னிகெரிஸ் என்ற இன்னொரு சைரீன்காரர், நண்பனின் மகிழ்ச்சி அதனளவில் நாடத்தக்கதல்ல, அது பக்கத்தில் இருப்பவனுக்கு உணரக் கிடைப்பதில்லையே என்கிறார். சுத்தமான சைரீன் அறிவுக் கொள்கை. அதே மூச்சில், நண்பன்மேல் உள்ள அன்புக்காக ஞானி துன்பத்தையும் ஏற்பான் என்கிறார்.

எபிகூரஸ் கி.மு. 270 வாக்கில் சிறுநீர்க் கடுப்பும் வயிற்றுப்போக்கும் உச்சத்தில் இருக்க, நண்பர் இடோமெனியஸுக்குக் கடைசிக் கடிதம் எழுதினார். இந்த வலிகளுக்கு எதிராக நம் பழைய உரையாடல்களின் நினைவு தரும் மகிழ்ச்சியை நிறுத்தி வைத்திருக்கிறேன் என்கிறார். அசைவு அடங்கிப்போனது என்று சைரீன்காரர்கள் தள்ளிவிட்ட அதே நினைவு. கடிதம் அத்தோடு முடியவில்லை. தனக்கு முன்பே இறந்துபோன மெத்ரோதோரஸ் என்ற நண்பரின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள் என்று கேட்கிறார். இறந்தபின் உணர்வில்லை, உணர்வில்லாத இடத்தில் நமக்கு நன்மையுமில்லை என்று வாழ்நாள் முழுக்கக் கற்பித்தவர், தான் ஒருபோதும் உணரப்போகாத நாள்களில் அந்தப் பிள்ளைகள் எப்படி இருப்பார்கள் என்று கவலைப்படுகிறார்.