ஈக்விபேண்ட்: வயிற்றுக்கு ஒரு பட்டை, புட்டத்துக்கு ஒரு பட்டை

காயத்துக்காக ஆறு மாதம் லாயத்திலேயே நின்ற டிரெஸ்ஸாஜ் (நடை நுணுக்கப் போட்டி) குதிரையைப் பக்கவாட்டில் பார்த்து எடை போடக் கூடாது. வயிறு உருண்டு, ரோமம் பளபளவென்று, எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் தெரியும். யாரையாவது தலையைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, எட்டி உதைக்க முடியாத தூரத்தில் ஒரு முக்காலிமேல் ஏறிப் பின்னாலிருந்து முதுகைப் பாருங்கள். சேணம் உட்காரும் இடத்தில் முதுகெலும்பு மேடு தட்டியிருக்கும். இருபுறமும் பள்ளம் விழுந்திருக்கும். அந்தப் பள்ளம் நிரம்பிவிடும் என்று நம்பித்தான் பலரும் ஈக்விகோர் கான்செப்ட்ஸ் நிறுவனத்தின் இந்த ஈக்விபேண்டை வாங்குகிறார்கள். நம்பிக்கையில் பாதி நியாயம் உண்டு.

பொருள் எளிமையானது. கொக்கிகள் தைத்த ஒரு சேண விரிப்பு, இழுபடும் பட்டைகள் இரண்டு. ஒன்று வயிற்றுக்கு அடியில் போகும், மற்றது புட்டத்தைச் சுற்றி வரும். கால்களை ஸ்பிரிங் மாதிரி முன்னே இழுப்பது இதன் வேலை இல்லை. ஒவ்வொரு எட்டிலும் பட்டை தோலில் உரசும். 'இங்கே ஒரு வயிறு இருக்கிறது, அதைத் தூக்கு' என்று குதிரைக்கு நினைவூட்டும். வலியால் முதுகை இறுக்கிக்கொள்ளப் பழகிய குதிரைக்கு இந்த நினைவூட்டல் தேவைதான். ஆனால் நினைவூட்டல் வேறு, தசை வளர்வது வேறு.

லண்டன் ராயல் வெட்டரினரி காலேஜ் ஆய்வாளர்கள் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், இதை நான்கு வாரம் பயன்படுத்திய குதிரைகளுக்கு ட்ராட்டின்போது (நடைக்கு அடுத்த வேகமான துள்ளோட்டம்) முதுகு பக்கவாட்டில் ஆடுவதும் முறுக்கிக்கொள்வதும் குறைந்தன. முதுகு நிலையாகிறது என்று அதற்குப் பொருள். ஆனால் ஆய்வில் இருந்தவை ஏழே குதிரைகள். தசையின் அளவைப் பற்றிய சான்று வேண்டுமென்றால் வேறு பக்கம் போக வேண்டும், அதுவும் கேரட்டிடம்! மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் நாரெல் ஸ்டப்ஸ், ஹிலரி கிளேட்டன் குழுவினர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், கேரட் போன்ற தீனியைக் காட்டிக் கழுத்தை வளைக்க வைக்கும் பயிற்சிகளை மட்டும் மூன்று மாதம் செய்த எட்டுக் குதிரைகளுக்கு மல்டிஃபிடஸ் பெருத்திருந்தது. முதுகெலும்போடு ஒட்டி ஒவ்வொரு கணுவையும் பிடித்து நிறுத்தும் ஆழத்துத் தசை அது. முதுகுவலி வந்தால் வற்றிப்போவதும் அதுதான்.

எனவே வாங்கினாலும் வாங்காவிட்டாலும் கேரட் கட்டாயம். தாடை நெஞ்சுக்கு, பிறகு முன்முட்டிகளுக்கு நடுவே, பிறகு முன்குளம்புகளுக்கு இடையே. அடுத்து பக்கவாட்டில் வார் கட்டும் இடத்துக்கு, இடுப்புக்கு, பின்குளம்பை நோக்கி. ஒவ்வொன்றும் ஐந்து முறை, வாரத்தில் ஐந்து நாள். கேரட்டைக் காட்டியதும் கவ்வ விடக் கூடாது. நான்கைந்து விநாடி அந்த நிலையிலேயே நிற்க வைத்த பிறகுதான் கொடுக்க வேண்டும். வெடுக்கென்று கவ்விவிட்டுத் திரும்பும் குதிரைக்குத் தீனி கிடைக்கும், தசை கிடைக்காது.

இனி பட்டை. பின்பட்டை, புட்ட எலும்பு முனைக்கும் பின்கால் கணுமூட்டுக்கும் ஏறத்தாழ நடுவில் உட்கார வேண்டும். வால் பட்டைக்கு வெளியே தொங்க வேண்டும். உயரமாகக் கட்டினால் நடக்க நடக்க வாலடிக்கு ஏறும், குதிரை வாலை இறுக்கிக்கொண்டு உதைக்கும். தாழ்வாகக் கட்டினால் கணுமூட்டுக்கு வழுக்கி இறங்கும், அது இன்னும் ஆபத்து. வயிற்றுப் பட்டை பின்னோக்கி நகர்ந்து ஆண் குதிரையின் உறைப்பகுதியில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முதல் முறை பூட்டும்போது இரண்டு ஆள் வேண்டும். தனியாகச் செய்து பார்க்கிற வேலை இல்லை இது.

இழுவை 30 சதவீதம் என்பது வழக்கம். கையால் இழுத்துப் பார்த்து 30 சதவீதத்தைச் சொல்லிவிட யாராலும் முடியாது. அதற்கு ஒரு பேனா போதும். பட்டை தளர்வாகக் கிடக்கும்போது 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு கோடு போடுங்கள். குதிரை நான்கு காலும் சதுரமாக நிற்கையில் பூட்டிய பிறகு அந்த இடைவெளி 13 செ.மீ. இருக்க வேண்டும். இதே கோடுகள் இன்னொன்றும் சொல்லும்: சில மாதம் கழித்துத் தளர்ந்த நிலையிலேயே இடைவெளி 11 செ.மீ. ஆகிவிட்டால் பட்டையின் ஆயுள் முடிந்தது. வெயிலும் வியர்வை உப்பும் அதைச் சீக்கிரம் கெடுக்கும். வேலை முடிந்ததும் வெறும் தண்ணீரில் அலசி நிழலில் போடுங்கள்.

கால்நடை மருத்துவர் வேலைக்கு அனுமதித்த நாளிலேயே பட்டையைப் பூட்டுவதுதான் அதிகம் நடக்கும் தவறு. முதல் இரண்டு வாரம் பட்டையே வேண்டாம்; கையில் பிடித்து 20 நிமிடம் நேர்கோட்டு நடை, அதோடு கேரட். மூன்றாம் வாரம் பின்பட்டை மட்டும், நடையில் 5 நிமிடம். நான்காம் வாரம் 10 நிமிடம், வாரத்தில் மூன்று நாள். வயிற்றுப் பட்டை ஐந்தாம் வாரம் சேரட்டும். ட்ராட்டும் அப்போதுதான், அதுவும் 20 மீட்டர் வட்டத்தைவிடச் சிறிதாக வேண்டாம். எட்டாம் வாரத்துக்குப் பிறகு, கால் தூக்கித் தாண்டிப் போகத் தரையில் கட்டைகள்: நடைக்கு 80 முதல் 90 செ.மீ. இடைவெளி, ட்ராட்டுக்கு 1.2 முதல் 1.4 மீட்டர். கேண்டர் (ட்ராட்டைவிட வேகமான பாய்ச்சல்) கடைசியில். இது முதுகுத் தசை வற்றிய குதிரைக்கான கணக்கு. தசைநார் கிழிந்த குதிரைக்கு இதைப் பின்பற்றாதீர்கள். தசை வாரக்கணக்கில் திரும்பும், தசைநாருக்கு மாதங்கள் ஆகும். பார்வைக்குத் தேறிவிட்ட குதிரை மறுபடி நொண்டுவது இந்த இடைவெளியில்தான்.

எவ்வளவு பழகினாலும் 20 நிமிடத்துக்குமேல் ஓட்டாமல் நடுவில் கழற்றிவிடுவது நல்லது. முழுச் சவாரிக்கும் மாட்டினால் குதிரை அந்த உரசலைப் பொருட்படுத்தாமல் பழகிவிடும். களைத்த குதிரை வேறு தசைகளை வைத்து ஒப்பேற்றத் தொடங்கும்: குளம்பு தட்டும், எட்டு குறுகும், முதுகு குழியும். அடையாளம் தெரிந்த உடனே நிறுத்த வேண்டும். "இன்னும் ஒரே ஒரு சுற்று" என்பதில்தான் கெடும்.

கழற்றிய பிறகு வரும் ஐந்து நிமிடம்தான் உண்மையில் காசு கொடுத்து வாங்கியது. அப்போது நடையிலிருந்து ட்ராட்டுக்கு மாறிப் பாருங்கள். தலையைத் தூக்காமல், பின்கால் உடனே வயிற்றுக்கு அடியில் வந்தால் பட்டை சொன்னது மனதில் நிற்கிறது. ஷோல்டர்-இன் (தோளைச் சற்று உள்பக்கம் திருப்பிப் போகும் பயிற்சி) நடையில் மட்டும், ஏழெட்டுக் காலடி போதும். பின்னோக்கி நான்கு காலடி. பத்து முறை நிறுத்தி, எத்தனை முறை சதுரமாக நின்றது என்று எழுதி வையுங்கள். வாரம் ஒருமுறை நடுக்கோட்டில் அதே இடத்தில் நின்று பின்னாலிருந்து போனில் படம் பிடித்தால், வாலடி இடவலமாக ஆடுவது குறைகிறதா என்று தெரியும். ஆறு வாரத்தில் எந்த மாற்றமும் இல்லை என்றால் பட்டையை இறுக்காதீர்கள். மருத்துவரைக் கூப்பிடுங்கள், வலி இன்னும் எங்கோ இருக்கிறது.

குறைகளும் உண்டு. தொடையின் வெளிப்பக்கம் ரோமம் உதிரும், மெல்லிய தோல் குதிரைக்குச் சீக்கிரமே. விரிப்பின் தடிமன் உங்கள் பழைய விரிப்பிலிருந்து மாறுபட்டால் சேணம் பொருந்துவதும் மாறும். முதுகு நிரம்பும் காலத்தில் எப்படியும் ஆறு, எட்டு வாரத்துக்கொருமுறை சேணத்தைச் சரிபார்க்க வேண்டியிருக்கும், அந்தச் செலவையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள். பின்னால் எது பட்டாலும் உதைக்கிற குதிரைக்கு இதை முயலவே வேண்டாம்.

கேரட்டும் நேர்கோட்டு நடையும் ஒழுங்காக நடந்து, அதன் பிறகும் முதுகு ஆடுகிற குதிரை என்றால் ஈக்விபேண்டுக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுக்கலாம். அதைச் செய்யாமல் குறுக்குவழி தேடுபவருக்கு ஒன்றுகூட அதிகம். பழையது கிடைத்தால் விரிப்பை மட்டும் வாங்குங்கள், கொக்கியடித் தையலை இழுத்துப் பார்த்துவிட்டு. பட்டைகளைப் புதிதாகவே வாங்குங்கள்.