தேக்குத் தரை என்று சொல்லிப் போட்டார்கள்: கடலோர வீட்டுக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கீழக்கரையில் எங்கள் வீட்டின் கீழ்த்தளத்தில் வாப்பாவின் அறைக்கு மரத் தரை போட வந்த ஒரு நிறுவனம், முழுப் பர்மா தேக்கு என்று உறுதி சொல்லி, அதற்குரிய விலையையும் வாங்கிக்கொண்டு, மேலே தேக்கின் மெல்லிய தோல் மட்டும் ஒட்டிய இழைப்பலகையைப் பதித்துவிட்டுப் போய்விட்டது. ஐப்பசி மழை ஊன்றியதும் பலகைகளின் விளிம்புகள் எழும்பின. கார்த்திகையில் அறையின் நடுப்பகுதி தளத்தை விட்டு உப்பி, மிதித்தால் அமுங்கி, காலை எடுத்தால் மறுபடி எழுந்தது. விவகாரம் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. ஆனால் அதே பேச்சோடும் அதே மாதிரிப் பலகைப் பெட்டியோடும் இந்தக் கரை நெடுகப் புது வீடு கட்டுகிறவர்களிடம் ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள் என்பதால், எங்களுக்கு நடந்ததையும், அதன் பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் விரிவாகவே எழுதுகிறேன்.

வாப்பாவுக்கு மூட்டுவலி. வழுவழுப்பான டைல்ஸ் தரை, கடற்காற்றின் ஈரம் படியும் நாட்களில் அவருக்கு அச்சமாக இருந்தது. மரத் தரை காலுக்கு இதமாக இருக்கும், வழுக்காது என்பதால் சவூதியில் இருக்கும் காக்கா (அண்ணன்) பணம் அனுப்பினார். விற்பனைக்கு வந்தவர் மாதிரிப் பலகை ஒன்றை வாப்பாவின் கையில் கொடுத்து, "கனத்தைப் பாருங்க பாய், வைரம் பாய்ஞ்ச மரம், பொய்யா இருந்தா இவ்வளவு கனக்குமா?" என்றார். அந்தப் பலகையின் நான்கு ஓரங்களிலும் தேக்கு நிறச் சாயம் பூசியிருந்தது. விலை சதுர அடிக்கு 900 ரூபாய் என்று பேசி முடிந்தது.

உண்மையில் அந்தக் கனமே ஏமாற்றின் அடையாளம். நன்றாகக் காய்ந்த தேக்கு கன மீட்டருக்கு ஏறத்தாழ 650 கிலோதான் நிறை கொண்டது. மரநாரைப் பசையோடு சேர்த்துப் பெரும் அழுத்தத்தில் இறுக்கிச் செய்யும் எச்.டி.எஃப். என்ற இழைப்பலகை 800 கிலோவுக்கு மேல் போகும். ஆகவே கையில் தூக்கிப் பார்ப்பது எந்தத் தேர்வும் ஆகாது. இதை அறிந்த ஒருவர்தான் அந்தக் கனத்தையே சான்றாகக் காட்டி விற்றிருக்கிறார் என்பதை நினைக்கும்போது இன்றும் மனம் கொதிக்கிறது.

விளிம்புகள் எழும்பியதும் நாங்கள் தொலைபேசியில் அழைத்தோம். பல நாட்கள் அலைக்கழித்த பிறகு வந்தவர்கள், மரம் என்றால் மழைக்காலத்தில் அப்படித்தான் இருக்கும், இயந்திரம் வைத்துத் தேய்த்து மறுபடி பாலிஷ் போட்டால் சரியாகிவிடும், அதற்குத் தனிக் கட்டணம் என்றார்கள். ஒரு மூலையில் இயந்திரத்தை வைத்தார்கள். சிறிது நேரத்தில் தேக்கின் ரேகை தேய்ந்து மறைந்து, அடியிலிருந்து அட்டை நிறத்தில் நார் தெரிந்தது. தேய்த்தவர் பேச்சில்லாமல் இயந்திரத்தை அணைத்தார். எங்கள் வீட்டு நிலை, கதவு எல்லாம் செய்த ஆசாரியை அன்று மாலையே வரவழைத்தோம். அவர் ஒரு துண்டைப் பெயர்த்துக் குறுக்கே அறுத்து, வாப்பாவிடம் நீட்டி, "மாமா, மேல அரை மில்லி தோலுதான் தேக்கு. கீழ பூரா தூளு. இதுல தண்ணி பட்டா ஊதும், அப்புறம் எந்த வெயில்லயும் வத்தாது" என்றார்.

வீட்டுத் தரைக்கு மரம் என்ற பெயரில் விற்கப்படுபவை பொதுவாக மூன்று வகை. மேலிருந்து கீழ்வரை ஒரே மரமாக, பெரும்பாலும் 18 முதல் 20 மில்லிமீட்டர் கனத்தில் வருவது முழுமரப் பலகை. பிளைவுட் அல்லது இழைப்பலகையின் மேல் நல்ல மரத்தின் தகட்டை ஒட்டியது இரண்டாவது வகை. இதில் மேல்தகடு அரை மில்லிமீட்டரிலிருந்து 6 மில்லிமீட்டர் வரை வேறுபடும், விலையும் ஆயுளும் அந்தத் தகட்டின் தடிமனைப் பொறுத்தவை. மூன்றாவதான லேமினேட்டில் மரத்தின் படம் அச்சிட்ட தாள்தான் மேலே இருக்கும். இரண்டாவது வகையைக் குறை சொல்வது என் நோக்கமன்று. தரமான பிளைவுட்டின் மேல் 3 அல்லது 4 மில்லிமீட்டர் தேக்குத் தகடு ஒட்டிய பலகை, குறுக்கும் நெடுக்குமாக அடுக்கப்பட்ட அதன் அமைப்பினாலேயே, முழுமரத்தை விடக் குறைவாக விரிந்து சுருங்கும் என்பதால் கடலோர ஈரத்துக்குப் பல இடங்களில் ஏற்றதுதான், ஓரிரு முறை தேய்த்துப் புதுப்பிக்கவும் முடியும். அரை மில்லித் தகட்டை எக்காலத்திலும் தேய்க்க முடியாது. அதை முழுமரத்தின் விலைக்கு விற்பது அப்பட்டமான மோசடி.

எனவே மாதிரிப் பலகையை உங்கள் கண்முன்னே குறுக்கே அறுத்துக் காட்டச் சொல்லுங்கள். அறுத்த முகத்தில் மரத்தின் வளையங்களும் நுண்துளைகளும் மேல்பரப்பிலிருந்து அடிவரை அறுபடாமல் தொடர்ந்தால் அது முழுமரம். இடையில் கோடு விழுந்து நிறம் மாறினால் ஒட்டியது. அறுக்க மறுக்கிறவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. அத்துடன், முன்பணம் கொடுக்கும் முன்பே ஜி.எஸ்.டி. எண்ணுடன் கூடிய மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள், அதில் வரிக்காகச் சரக்கை வகைப்படுத்தும் எச்.எஸ்.என். எண்ணைப் பாருங்கள். ஒன்றோடொன்று பொருந்தும்படி ஓரங்களில் நாவும் பள்ளமும் இழைத்த முழுமரப் பலகை 4409 என்ற தலைப்பில் வரும். 4411 இழைப்பலகைக்கு உரியது, 4412 பிளைவுட்டுக்கும் தகடு ஒட்டிய பலகைக்கும் உரியது. எங்களுக்கு முழுத்தொகையும் வாங்கிய பிறகு வந்த பில்லில் "ஃப்ளோரிங் மெட்டீரியல்" என்று மட்டும் எழுதி, பக்கத்தில் 4412 என்று போட்டிருந்தார்கள். வரித்துறைக்கு உண்மையையும் வாப்பாவிடம் பொய்யையும் சொல்லியிருக்கிறார்கள்.

சரக்கு பொய் என்பது பாதிக் கதைதான். அசல் பர்மா தேக்கையே கொண்டு வந்திருந்தாலும், அவர்கள் பதித்த முறையில் அது நிலைத்திருக்காது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். மரம் நீளவாக்கில் அநேகமாக மாறுவதில்லை. அகலவாக்கில்தான் ஈரத்தை வாங்கி விரிகிறது, விட்டுச் சுருங்குகிறது. காற்றின் ஈரப்பதம் 50 சதவீதத்தில் இருந்தால் மரத்தின் உள்ளீரம் 9 சதவீதத்தை ஒட்டி நிற்கும். வாடைக்காற்று மழையில் காற்றீரம் 80 சதவீதத்தில் வாரக்கணக்கில் நீடித்தால் உள்ளீரம் 16 சதவீதத்தை நோக்கி ஏறும். 120 மில்லிமீட்டர் அகலமுள்ள தேக்குப் பலகை 8 சதவீதத்திலிருந்து 14 சதவீதத்துக்கு ஏறும்போது ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று மேலாக விரியக்கூடும். 10 அடி அகல அறையில் அப்படி 25 பலகைகள் அடுத்தடுத்துக் கிடக்கும்போது அவை அத்தனையும் சேர்ந்து மூன்று சென்டிமீட்டருக்கு மேல் இடம் தேடும். சுவரோடு ஒட்டிப் பதித்தால் போக வழியின்றி மேலே எழுவதைத் தவிர அந்தத் தரைக்கு வேறு கதி இல்லை. இதற்காகத்தான் சுற்றிலும் 10 முதல் 12 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, அதைச் சுவரடியில் ஓடும் பட்டையான ஸ்கர்ட்டிங்கால் மறைக்கிறார்கள். இதற்காகத்தான் பதிக்கும் முன் பலகைகளைப் பெட்டி பிரித்து அந்த அறையிலேயே சில நாட்கள் கிடத்தி, அவ்விடத்துக் காற்றுக்குப் பழக விடுகிறார்கள். எங்கள் வீட்டில் பெட்டி இறங்கிய அன்றே பதித்தார்கள், நான்கு புறமும் சுவரோடு முட்டப் பதித்தார்கள். ஈரமானி என்ற சிறு கருவியை அவர்கள் கொண்டு வரவே இல்லை. அந்தந்த வட்டாரத்தின் காற்றீரத்தைக் கொண்டு நாட்டை மண்டலங்களாகப் பிரித்து, மரத்தில் எவ்வளவு ஈரம் இருக்கலாம் என்று வரையறுக்கும் இந்தியத் தரநிலை ஐ.எஸ். 287 இருக்கிறது. நான் அதைச் சொன்னபோது அவர்கள் மேற்பார்வையாளர் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார்.

காற்றை விடக் கொடியது ஓதம், அதாவது நிலத்துக்குக் கீழிருந்து ஏறும் ஈரம். நம் ஊர்களில் மணலுக்கு அடியில் சில அடியிலேயே உப்புநீர் நிற்கிறது, மழைக்காலத்தில் இன்னும் மேலே வருகிறது. சுவரின் அடியில் உப்புப் பூத்துச் சுண்ணாம்பு உதிர்வதை எல்லா வீட்டிலும் பார்க்கிறோம். அதே ஈரம் தளத்தின் வழியாகவும் ஏறிவந்து, மேலே மரம் மூடியிருந்தால் வெளியேற வழியின்றி மரத்தின் அடிப்பக்கத்தில் தங்குகிறது. அடி ஊதி மேல் காய்ந்து நிற்கும்போது பலகை தட்டுப்போல் குழிந்து விளிம்பு தூக்கும். எங்களுக்கு முதலில் தெரிந்த அறிகுறி அதுவே. பலகையின் அடியில் அவர்கள் விரித்திருந்தது மெல்லிய நுரைத்தாள் மட்டும். ஓதத்தைத் தடுக்கக் குறைந்தது 150 மைக்ரான் பாலித்தீன் தாளை, ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்து, இணைப்புகளை நாடா ஒட்டி அடைத்திருக்க வேண்டும். மேலும், மட்டம் எடுப்பதற்காகப் பூசிய சிமெண்ட் பூச்சு நன்றாகக் காயும் முன்பே பலகையைப் பரப்பிவிட்டார்கள். 25 மில்லிமீட்டர் கனத்துக்கு ஏறத்தாழ ஒரு மாதம் காய விட வேண்டும் என்பது கட்டுமானத்தில் பலரும் பின்பற்றும் கணக்கு. அதுவும் காற்றோட்டம் நன்றாக இருந்தால்தான்.

தளத்தில் ஈரம் இருக்கிறதா என்பதைச் செலவில்லாமல் நீங்களே பார்க்கலாம். ஒன்றரை அடிச் சதுரத்தில் தெளிவான பிளாஸ்டிக் தாளைத் தளத்தின் மேல் விரித்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாமல் நாடா ஒட்டி, ஓர் இரவும் அடுத்த பகலின் பாதியும் விட்டுவையுங்கள். எடுக்கும்போது தாளின் அடியில் நீர்த்துளி தெரிந்தாலும், அந்த இடத்துத் தளம் கறுத்திருந்தாலும் மரம் போடும் நேரம் இன்னும் வரவில்லை. பங்குனியில் இதைச் செய்துவிட்டுத் தளம் காய்ந்திருக்கிறது என்று யாராவது சொன்னால் முழுதாக நம்பிவிடாதீர்கள். கீழ்த்தள அறையாக இருந்தால் ஒரு கார்த்திகையிலும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

உப்புக்காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். காரைக்குடியில் உள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோக அரிமானத்தை ஆராய, ராமேசுவரத்தை அடுத்த மண்டபம் என்ற ஊரில் ஒரு நிலையம் நடத்துகிறது என்பதே இந்தக் கரையில் இரும்பின் நிலையைச் சொல்லிவிடும். எங்கள் ஸ்கர்ட்டிங்கில் அடித்த சாதாரண இரும்பு ஆணிகள் அந்த ஒரு மழையிலேயே துருப்பிடித்தன, ஆணியைச் சுற்றி மரத்தில் கருநீலக் கறை படர்ந்தது. மரத்தில் உள்ள துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் இந்தக் கறை வரும். 316 ரகத் துருப்பிடிக்கா எஃகு ஆணி என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

பராமரிப்புக்கென்று அவர்கள் சொன்ன அறிவுரையும் தவறானது. தினமும் தண்ணீரில் ஃபினாயில் கலந்து துடைக்கலாம் என்றார்கள். முழுமரமோ தகடு ஒட்டியதோ, மரத் தரையில் தேங்கும் அளவு தண்ணீர் படக்கூடாது. நன்றாகப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே காய்ந்த துணியாலும் ஒற்றியெடுப்பதே சரி. நீராவித் துடைப்பான் ஆகவே ஆகாது. மண்ணெண்ணெயும் தேங்காயெண்ணெயும் தடவும் பழக்கம் பிசுக்கை ஏற்றி, பின்னால் பாலிஷ் ஒட்டாமல் செய்துவிடும். கடலோரத்தில் தரையை அதிகமாகக் கெடுப்பது காலோடு வரும் மணல். வாசலில் ஒரு மிதியடியும், உள்ளே ஒன்றும், நாற்காலிக் கால்களில் கம்பளித் துண்டும் போட்டாலே பாதிக் கீறல்கள் குறையும். நம் ஊரில் வெளிநாட்டுப் பிழைப்பினால் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கும் வீடுகள் பல. அப்படிப் பூட்டுகிற வீட்டின் கீழ்த்தளத்தில் மரத் தரை போடாதிருப்பதே நல்லது என்பது என் கருத்து. போட்டுவிட்டவர்கள் வாரம் ஒருமுறை யாரையாவது கொண்டு வெயில் நேரத்தில் சன்னல்களைத் திறந்து வைக்கச் சொல்லுங்கள், ஓரங்களில் கரையான் மண் தெரிகிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். தேக்கின் முற்றிய உள்மரமான வைரத்தைக் கரையான் எளிதில் தொடாது. மரத்தின் வெளிப்புற வெள்ளைப் பகுதிக்கும், தகட்டின் அடியில் இருக்கும் இழைப்பலகைக்கும் அந்தக் காப்பு கிடையாது.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பலகை அனைத்தையும் பெயர்த்து எறிந்துவிடாதீர்கள். அறுத்த துண்டு, பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டு, பில், வாட்ஸ்அப்பில் அவர்கள் அனுப்பிய விளம்பரப் படம், பணம் போன வங்கிப் பதிவு ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். உத்தரவாத அட்டையில் ஈரத்தால் வரும் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்று அச்சிட்டிருந்தாலும், வேறு பொருளைக் கொடுத்த குற்றத்தை அது மறைக்காது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகாரைப் பதிவு செய்யலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவரின் அலுவலகம் எந்த ஊரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடுக்க முடியும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்துவிட வேண்டும். பொருளின் குறையைச் சோதனையின்றி முடிவு செய்ய இயலாதபோது மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பும் அதிகாரமும் ஆணையத்துக்கு உண்டு. நாங்கள் அதைத்தான் கேட்டு மனுக் கொடுத்திருக்கிறோம்.

வாப்பாவின் அறையில் இப்போது சிமெண்ட் தளத்தின் மேல் கோரைப்பாய் விரித்திருக்கிறோம். அடுத்த மழைக்காலம் முடிந்து தளத்தைச் சோதித்த பிறகு, காரைக்குடிப் பக்கம் பிரித்த வீடுகளிலிருந்து வரும் பழைய தேக்கை வாங்கி, ஆணிகளைப் பிடுங்கி இழைத்துப் போட்டுத் தருவதாக ஆசாரி சொல்லியிருக்கிறார். ஈரமானியை இம்முறை நாங்களே வாங்கி வைத்திருக்கிறோம். சுற்று வட்டாரத்தில் யாருக்காவது தேவைப்பட்டால் வீட்டுக்கு வந்து எடுத்துப் போய் அளந்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கலாம்.